மயக்க மருந்தின்போது மூச்சு கொடுக்கும் மாஸ்க்குகள்: எது, எப்போது, யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியன் படிப்பவர்கள், மயக்கவியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி டாக்டர்கள், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிய நோயாளிகள் என மூன்று தரப்பினரும் கேட்பவை இங்கே கலந்திருக்கின்றன. உங்களுக்குத் தேவையில்லாத கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாஸ்க் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட முடியாது. அதை டேபிளில், சீனியர் பக்கத்தில் நிற்கும்போதுதான் கற்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுத்த பிறகு நோயாளி தானாக மூச்சு விட மாட்டாரா?

பெரும்பாலும் மாட்டார். ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்து நரம்பில் ஏறிய ஒரு நிமிடத்துக்குள் கண் செருகும், மூச்சு மேலோட்டமாகி நிற்கும். அதோடு தொண்டைத் தசைகளும் தளர்வதால் நாக்கின் அடிப்பகுதியும் மென் அண்ணமும் பின்னால் சரிந்து வழியை அடைத்துவிடும். ஆகவே பிரச்சினை இரண்டு: மூச்சு விடும் முயற்சி இல்லை, மூச்சு போகும் பாதையும் திறந்து இல்லை. மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பையை, அதாவது பேக்கை, அழுத்துவது முதல் பிரச்சினையை மட்டுமே தீர்க்கும். இரண்டாவதைத் தீர்ப்பது தாடையைத் தூக்கும் கை. மாஸ்க் பற்றி எழும் சந்தேகங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

தூங்க வைப்பதற்கு முன்பே மாஸ்க்கை முகத்தில் வைத்து "நல்லா மூச்சு இழுங்க" என்கிறார்களே, அது மயக்க மருந்தா?

இல்லை, வெறும் ஆக்சிஜன். சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். அதில் பெரும்பகுதி நைட்ரஜன். 3 நிமிடம் சாதாரணமாகவோ, ஒரு நிமிடத்தில் 8 ஆழ்ந்த மூச்சாகவோ தூய ஆக்சிஜனை இழுத்தால் அந்த இடம் முழுக்க ஆக்சிஜனாகிறது. உடல் நிமிடத்துக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 250 மி.லி. என்பதால், ஆரோக்கியமான பெரியவருக்கு மூச்சு நின்றாலும் 8 நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும் இருப்பு கிடைக்கும். அறைக்காற்றோடு தூங்க வைத்தால் ஓரிரு நிமிடத்திலேயே சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) சரியத் தொடங்கும். உடல் பருத்தவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோருக்கு இந்த இருப்பு வேகமாகக் கரையும்.

மாஸ்க்கை அரை அங்குலம் தூக்கிப் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். இடைவெளி வழியாக அறைக்காற்று உள்ளே போய்விடும். நோயாளிக்கு மூச்சு முட்டுவதுபோல இருந்தால் சொல்லச் சொல்லுங்கள், வேண்டுமானால் அவர் கையிலேயே மாஸ்க்கைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பயம் பாதி குறையும்.

கறுப்பு ரப்பர் மாஸ்க்கா, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மாஸ்க்கா?

பிளாஸ்டிக். ஈதரும் சைக்ளோபுரோபேனும் தீப்பிடிக்கும் வாயுக்களாக இருந்த காலத்தில், நிலைமின்சாரப் பொறி வராமலிருக்க ரப்பரில் கார்பன் கலந்தார்கள். கறுப்பு நிறம் அங்கிருந்து வந்தது. இன்று அந்த வாயுக்கள் இல்லை. பிளாஸ்டிக்கில் உதட்டு நிறம் தெரியும், மூச்சு வரும்போது படியும் ஈரப்பனி தெரியும், எதுக்களித்து வாயில் ஏதாவது வந்தால் உடனே கண்ணில் படும். ரப்பருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மூக்குப் பக்கம் வளைத்துப் பொருத்தலாம், பல வருடம் உழைக்கும். ஆனாலும் உள்ளே நடப்பது தெரியாத ஒன்றை, தெரிகிற ஒன்று பக்கத்தில் இருக்கும்போது, நான் எடுக்க மாட்டேன்.

பிளாஸ்டிக் மாஸ்க்கின் காற்று மெத்தையைக் கல்லாக ஊதி வைப்பது பல ஓ.டி.க்களில் பார்க்கும் வழக்கம். சற்றுத் தொய்வாக இருந்தால்தான் முகத்தின் மேடு பள்ளத்தில் உட்காரும்.

சைஸ் எப்படிப் பார்ப்பது?

மேல் முனை மூக்குத் தண்டின் மேல், கீழ் முனை கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவில் உள்ள பள்ளத்தில். பெரியவர்களுக்குப் பொதுவாக 4 அல்லது 5. பெரிய மாஸ்க் கண்ணை அழுத்தும், முகவாய்க்குக் கீழே காற்று ஒழுகும்.

மாஸ்க்கை அழுத்திப் பிடித்தும் காற்று போகவில்லை. என்ன தவறு?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "அழுத்தி"ப் பிடித்ததுதான் தவறு.

மாஸ்க்கை முகத்தின் மேல் அமுக்கினால் தாடை பின்னால் போகும், கூடவே நாக்கும் போகும், வழி இன்னும் இறுக அடைபடும். செய்ய வேண்டியது நேர் எதிர்: மாஸ்க்கை இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, தாடையை அதற்குள் தூக்கிக் கொண்டுவர வேண்டும். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆங்கில சி எழுத்துபோல மாஸ்க்கைச் சுற்றும். மற்ற மூன்று விரல்கள் ஈ எழுத்துபோல விரிந்து தாடை எலும்பின் விளிம்பில் நிற்கும். சுண்டுவிரல் காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் கொக்கி போட வேண்டும். இந்த மூன்று விரல்களும் எலும்பில் இருக்கின்றனவா, எலும்புக்குள் அடங்கிய மெத்தென்ற சதையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். சதையை அழுத்தினால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளிடம் இது மிகச் சுலபமாக நடந்துவிடும்.

சின்னக் கை உள்ளவர்கள், பெரிய முகம் வந்து படுக்கும்போது, ஒரு கையில் மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. இரண்டு கையாலும் பிடியுங்கள். இரண்டு உள்ளங்கைகளின் கட்டைவிரல் மேடுகளும் மாஸ்க்கின் இரு பக்கமும் கிடக்கட்டும், மீதி நான்கு விரல்களும் இரண்டு பக்கத் தாடை மூலைகளையும் மேலே தூக்கட்டும். பேக்கை அழுத்த இன்னொருவர் அல்லது மெஷின். புதியவர்கள் கையில் இந்தப் பிடி ஒற்றைக் கைப் பிடியைவிட நல்ல அளவு மூச்சு கொடுப்பதாக ஒப்பீட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சீனியர் பார்க்கிறாரே என்று ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருக்கும் பயிற்சி டாக்டர்களிடம் நான் சொல்வது: இரண்டாவது கையைக் கேட்பது தோல்வி இல்லை, அது அடுத்த படி.

கெடல் ஏர்வே எப்போது போடணும்?

தாடையைத் தூக்கியும் வழி திறக்காவிட்டால். ஆர்தர் கெடல் 1933-இல் வெளியிட்ட இந்த வளைந்த குழல் நாக்கை முன்னால் தாங்கிப் பிடிக்கிறது. வாய் ஓரத்திலிருந்து தாடை மூலை வரை வைத்து அளந்து எடுங்கள். சிறியதாக இருந்தால் நாக்கையே பின்னால் தள்ளும். மயக்கம் ஆழமாகாமல் போட்டால் குமட்டல், இருமல், குரல்வளை இறுக்கம் என்று வரிசையாக வரும். மூக்கு வழி ஏர்வேயை அரைமயக்கத்திலும் தாங்குவார்கள். ஆனால் மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கும் சந்தேகம் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

யாருக்கு மாஸ்க் பிடிப்பது கஷ்டம் என்று முன்பே தெரியுமா?

ஓரளவு தெரியும். பிரான்ஸில் லாங்கெரோன் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 1,502 பேரில் 75 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஐவருக்கு, கஷ்டமாக இருந்தது. அவர்கள் கண்ட ஐந்து அடையாளங்கள்: வயது 55-க்கு மேல், உடல் நிறை எண் 26-க்கு மேல், பல் இல்லாமை, தாடி, குறட்டை. அமெரிக்காவில் கேட்டர்பால் குழு 2009-இல் வெளியிட்ட 53,041 பேர் கணக்கில், மாஸ்க் மூலம் மூச்சு கொடுக்கவே முடியாமல் போனவர்கள் 77 பேர். அங்கே மேலே வந்த காரணம் கழுத்துக்குக் கதிர்வீச்சு வைத்தியம் எடுத்திருந்தது. வாய்ப் புற்றுநோய் அதிகம் பார்க்கும் நம்மூர் மருத்துவமனைகளில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலில் மாற்றக்கூடியது ஒன்றுதான், தாடி. நோயாளி சம்மதித்தால் முந்தைய நாளே மழித்துவிடலாம். நேர்த்திக்கடனுக்கோ மதக் காரணத்துக்கோ வளர்த்திருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். தாடியில் தாராளமாக ஜெல்லி தடவலாம், ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை வாய்க்கும் மூக்குக்கும் துளைவிட்டு ஒட்டலாம், அல்லது நேராக எல்எம்ஏ (தொண்டைக்குள் வைக்கும் மாஸ்க்) போய்விடலாம்.

பல் இல்லாத பாட்டிக்கு வேறு கதை. கன்னம் உள்ளே ஒட்டிப்போய் மாஸ்க்கின் இரண்டு ஓரத்திலும் காற்று ஒழுகும். கட்டிய பல்செட் ஆடாமல் உறுதியாக இருந்தால், மாஸ்க் பிடிக்கும் நேரம் மட்டும் அதை வாயிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும் முன் மறக்காமல் எடுக்க வேண்டும். இன்னொரு வழி, மாஸ்க்கின் கீழ் விளிம்பை முகவாய்ப் பள்ளத்தில் வைக்காமல் கீழுதட்டுக்கு மேலேயே வைப்பது. பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் ஒழுகல் பெருமளவு நிற்கும்.

பருமனானவர்களுக்கு மாஸ்க்கை மாற்றுவதற்கு முன் படுக்கையை மாற்றுங்கள். காதுத் துவாரமும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்தில் வரும்படி தோளுக்கும் தலைக்கும் அடியில் துணி மடித்து வையுங்கள்.

ஆம்பு பேக்கும் மயக்க மருந்து மெஷின் பேக்கும் ஒன்றுதானா?

இல்லை. ஆம்பு பேக் அழுத்திவிட்டால் தானே விரியும். மெஷின் பேக், வரும் வாயுவால் நிரம்பினால்தான் உப்பும்.

கோபன்ஹேகனில் 1952-இல் போலியோ கொள்ளைநோய் வந்தபோது, மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்கு மயக்கவியலாளர் பியோர்ன் இப்சன் சொன்னபடி தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு இரவும் பகலும் கையால் பேக் அழுத்தினார்கள். அந்தப் பேக்குக்கு எப்போதும் ஆக்சிஜன் ஓட்டம் தேவை. அது இல்லாமலும் வேலை செய்யும் பேக்கை அதே டென்மார்க்கில் மயக்கவியலாளர் ஹென்னிங் ரூபனும் பொறியாளர் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் 1956-இல் கொண்டுவந்தார்கள். அதுதான் ஆம்பு.

ஆகவே அதன் பலம்: மின்சாரம் போகட்டும், சிலிண்டர் தீரட்டும், அறைக்காற்றை இழுத்து மூச்சு கொடுக்கும். எந்த ஓ.டி.யிலும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்று தொங்க வேண்டும். பலவீனமும் அதே இடத்தில்தான். மாஸ்க் ஒழுகினாலும் பேக் அழகாக உப்பிக்கொண்டே இருக்கும், கைக்கு ஒன்றும் தெரியாது. மெஷின் பேக்கில் ஒழுகல் இருந்தால் பேக் தொய்ந்துவிடும், நுரையீரல் இறுகினால் உள்ளங்கையில் இறுக்கம் தெரியும், நோயாளி தானாக மூச்சு இழுத்தால் பேக் அசைவதும் தெரியும். அந்தத் தகவலுக்காகவே ஓ.டி.க்குள் எனக்கு மெஷின் பேக்தான் பிடிக்கும்.

ஆம்புவின் பின்புறம் ரிசர்வாயர் பை இல்லாவிட்டால், ஆக்சிஜன் எவ்வளவு திறந்தாலும் நோயாளிக்குப் போவது பாதியளவுக்கு மேல் உயர்வது கடினம். பை மாட்டி நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் ஓட்டினால் நூறு சதவீதத்தை நெருங்கும். பெரியவர்களுக்கான பேக் ஒன்றரை லிட்டர் கொள்ளளவு. அதை முழுதாகப் பிழிய வேண்டாம். ஒரு வினாடி நேரம் மெதுவாக, மார்பு லேசாக எழும் அளவுக்கு அழுத்தி, 5 அல்லது 6 வினாடிக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். கழுவி மாட்டிய பிறகு வால்வு தலைகீழாகப் போவதும், உள்ளே போடாமலே விடுவதும் நடக்கும். அதனால் நோயாளியிடம் கொண்டுபோகும் முன் முனையை உள்ளங்கையில் அடைத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பெய்ன் சர்க்யூட் (மெஷினிலிருந்து நோயாளிக்கு வாயு கொண்டுபோகும், குழாய்க்குள் குழாய் வைத்த அமைப்பு) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் உள் குழாய் மெஷின் பக்கம் கழன்றிருந்தால் வெளியிலிருந்து எளிதில் தெரியாது, நோயாளி தான் விட்ட கரியமில வாயுவையே மறுபடி இழுப்பார். நோயாளி முனையை அடைத்துப் பேக்கை நிரப்புங்கள். பிறகு முனையைத் திறந்துவிட்டு ஆக்சிஜன் ஃப்ளஷ் பட்டனை அழுத்துங்கள். பேக் சுருங்கினால் நல்லது. உப்பியே இருந்தால் சர்க்யூட்டைத் தூக்கிப் போடுங்கள்.

எல்எம்ஏ, ஐ-ஜெல் இரண்டும் மாஸ்க்தானே? முகத்தில் வைக்கும் மாஸ்க்கைவிட என்ன மேல்?

மாஸ்க்கைத் தொண்டைக்குள் கொண்டுபோய் குரல்வளையின் வாசலில் உட்கார வைப்பது இது. லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன், பல் வைத்தியத்துக்குப் பயன்பட்ட கோல்ட்மன் மூக்கு மாஸ்க்கின் ரப்பர் வளையத்தை, மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாய் ஒன்றைச் சாய்வாக வெட்டி அதில் ஒட்டி 1981-இல் சோதித்தார். 1988-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. நாக்கு சரியும் இடத்தைத் தாண்டிப் போய்விடுவதால் தாடை தூக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம், தாடியும் பல்லும் பொருட்டில்லை, இரண்டு கையும் விடுதலை.

ஐ-ஜெல் 2007-இல் வந்தது. ஊதும் வளையம் கிடையாது. மென்மையான ஜெல் போன்ற பொருளே தொண்டையின் வடிவில் வார்க்கப்பட்டிருக்கும். ஊத வேண்டியதில்லை என்பதால் வேகம். அவசரத்தில், அனுபவம் குறைந்த கையில், ஐ-ஜெல்லையே முதலில் எடுக்கச் சொல்வேன். அதில் வயிற்றுக்குப் போகும் தனிப் பாதையும் உண்டு. 3, 4 எண் சைஸ்களில் 12 எண் ரைல்ஸ் ட்யூப் (வயிற்றுக்குள் விடும் மெல்லிய குழாய்) இறங்கும். பழைய கிளாசிக் எல்எம்ஏவில் இந்தப் பாதை கிடையாது. 2000-இல் வந்த ப்ரோசீல் என்ற எல்எம்ஏ வகையில் உண்டு.

எவ்வளவு அழுத்தத்தில் ஒழுகத் தொடங்கும் என்பது இன்னொரு அளவுகோல். தோராயமாக கிளாசிக் 20 செ.மீ. நீர் அழுத்தம், ஐ-ஜெல் 25, ப்ரோசீல் 30. வயிற்றில் காற்று நிரப்பிச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

எல்எம்ஏ வளையத்தைச் சிரிஞ்சால் கண்மூடித்தனமாக ஊதாதீர்கள். 4 எண்ணுக்கு 30 மி.லி. என்று எழுதியிருப்பது உச்ச வரம்பு, தேவை அல்ல. வளையத்துக்குள் அழுத்தம் 60 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு ஓடிக்கொண்டிருந்தால் அது வளையத்துக்குள் ஊடுருவி அழுத்தத்தை மேலும் ஏற்றும். மறுநாள் தொண்டை வலி, அபூர்வமாக நாக்கு மரத்துப்போவது ஆகியவற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எல்லாருக்கும் ஐ-ஜெல்லே போட்டுவிடலாமே?

வயிறு காலியாக இருப்பவருக்கு, அதுவும் ஆபரேஷனைப் பொறுத்து. முக மாஸ்க், எல்எம்ஏ, ஐ-ஜெல் எதுவுமே வயிற்றிலிருந்து மேலேறுவதை நுரையீரலுக்குள் போகாமல் முழுமையாகத் தடுக்காது. அதைச் செய்வது மூச்சுக்குழாய்க்குள் போட்டு வளையம் ஊதிய குழாய் மட்டுமே. பிரிட்டனில் 2011-இல் வெளியான நான்காவது தேசியத் தணிக்கையில், மயக்க மருந்தின்போது மூச்சுப்பாதை சார்ந்து நேர்ந்த இறப்புகளுக்கு முதல் காரணம் இந்த எதுக்களிப்புதான். குடல் அடைப்பு, நிறைமாதக் கர்ப்பிணிக்கு அவசர சிசேரியன், சாப்பிட்டுவிட்டு விபத்தில் சிக்கியவர் ஆகியோருக்கு இந்தக் கருவிகள் முதல் தேர்வு அல்ல. குழாய் போட முடியாமல் போனால் மட்டும் உயிர்காக்கும் மாற்று.

முக மாஸ்க்கில் 20 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு மேல் கொடுத்தால் காற்று உணவுக்குழாய்க்குள் புகுந்து வயிறு உப்பும், எதுக்களிப்பை நாமே வரவழைத்ததாகும். 15-க்குள் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

"காலையில ஒரு வாய் காபி மட்டும் குடிச்சேன் டாக்டர்." பரவாயில்லையா?

பால் கலந்திருந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். வெறும் தண்ணீர், பால் கலக்காத டீ, காபி என்றால் 2 மணி நேரம். தாய்ப்பாலுக்கு 4. குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைப்பவர்களை நினைத்தால்தான் எங்களுக்கு அதிக பயம்.

மூச்சு சரியாகப் போகிறது என்று எதை வைத்துச் சொல்வது?

கரியமில வாயு அலையை வைத்து. அந்த வாயுவை அளந்து காட்டும் கேப்னோகிராஃபில் ஒவ்வொரு மூச்சுக்கும் சதுரமாக ஓர் அலை எழுந்தால் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது. மார்பு எழுவதும் மாஸ்க்கில் பனி படிவதும் துணைச் சாட்சிகள். விரலில் மாட்டும் சாச்சுரேஷன் ஒரு தாமதக் கடிதம். முன்பே ஆக்சிஜன் கொடுத்திருந்தால் மூச்சு முழுக்க நின்றுபோன பிறகும் சில நிமிடங்கள் 99, 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

குழந்தைகளுக்கு?

பின்மண்டை பெரிது, அதனால் தலையணை வேண்டாம், தேவையானால் தோளுக்கடியில் மெல்லிய துணிச்சுருள். நாக்கு வாய்க்கு மீறிப் பெரிது. 20 கிலோ வரை ஜாக்சன் ரீஸ் சர்க்யூட் (குழந்தைகளுக்கான குழாய்-பேக் அமைப்பு) கைக்கு அடக்கம், வால்வு இல்லாததால் மூச்சுக்கு எதிர்ப்பும் குறைவு. மாஸ்க்குக்குள் வீணாகத் தங்கும் காற்று குழந்தைக்குப் பெரிய விஷயம் என்பதால் தட்டையான, உட்குழிவு குறைந்த மாஸ்க்கை எடுங்கள்.

மாஸ்க்கிலும் முடியவில்லை, குழாயும் போகவில்லை என்றால்?

உதவிக்குக் கூப்பிடுங்கள். இது முதல் வேலை. பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015-இல் தந்த வரிசை: குழாய், பிறகு எல்எம்ஏ வகை, பிறகு முக மாஸ்க், கடைசியில் கழுத்தின் முன்பக்கத்தில் கீறிக் குழாய். இந்தியாவில் அகில இந்திய டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷனின் 2016 வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதே போக்கில் இருக்கிறது. இடையே மூக்கு வழியாக ஆக்சிஜன் ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். தசை தளர்த்தும் மருந்து கொடுத்தால் மாஸ்க் பிடிப்பது பெரும்பாலும் எளிதாகிறது. "மாஸ்க்கில் காற்று போகிறதா என்று பார்த்த பிறகே தளர்த்தும் மருந்து" என்ற பழைய விதியை நான் இப்போது கண்டிப்பாகப் பிடித்துக்கொள்வதில்லை.

எல்லாரும் தடுமாறுவது ஓரிடத்தில்: ஒரே முயற்சியை ஐந்து தடவை செய்வது. ஏர்வே போட்டாயிற்று, இரண்டு கையாலும் பிடித்தாயிற்று, தலை நிலையை மாற்றியாயிற்று, அலை வரவில்லை என்றால் கருவியை மாற்றுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி பயன்படுத்துவார்களா?

மறுபயன்பாட்டுக்கான சிலிகான் எல்எம்ஏவை, வளையத்துக் காற்றை முழுக்க எடுத்துவிட்டு, ஆட்டோகிளேவ் செய்து (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) 40 முறை வரை பயன்படுத்தலாம். எத்தனையாவது முறை என்று அட்டையில் குறித்துவர வேண்டும். ஐ-ஜெல் ஒருமுறைக்கு மட்டுமே.

நோயாளியாக நான் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது என்ன?

ஆடும் பல், கட்டிய பல். இரவில் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பது. இது உங்களுக்குத் தெரியாது, வீட்டில் பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். கழுத்துக்குக் கதிர்வீச்சு எடுத்தது. வாய் மூன்று விரல் அளவு திறக்கவில்லை என்றால் அதுவும். முன்பு ஒரு ஆபரேஷனில் "உங்களுக்குக் குழாய் போடுறது கஷ்டமா இருந்துச்சு" என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வாருங்கள். எங்களுக்கு எக்ஸ்-ரேயைவிட அந்த ஒரு வரி உதவும்.